பாரிஸில் ஒரு ரியூசன் வாத்தியார்

பாரிஸ் நகரத்தில் பியானோ படிப்பித்துச் சீவியம் நடத்திய ஒரு போலந்துக்காரரைப் பற்றி எழுதப்போகிறேன். பெயர் பிரடெரிக் ஷோப்பன். 1810 இல் பிறந்து 1849 இல் இறந்தவர். உலகம் அவரைப் பெரும் இசையமைப்பாளராக அறியும். வார்சோ விமான நிலையத்துக்கே அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால், பாரிஸில் அவருடைய அடுப்பு எரிந்தது பெரும்பாலும் ரியூசன் காசில். காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை, வீடு தேடி வருகிறவர்களுக்கு ஒருவர் பின் ஒருவராகப் பாடம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர். அந்த வாத்தியாரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நானும் படிப்பித்த ஆள்தான். யாழ்ப்பாணத்தில் பல வருடம் வயலின் வகுப்பு நடத்தினேன். என் தம்பி பாரிஸில் இருக்கிறார். கிழமை நாட்களில் உணவகத்தில் வேலை. சனி, ஞாயிறு எங்கள் பிள்ளைகளுக்கு மிருதங்க வகுப்பு. போனவர் ஒருவர், நின்றவர் ஒருவர் என்று இருக்கிற எந்த வீட்டிலும் உள்ள கதைதான் எங்கள் வீட்டிலும். அந்தக் கதையை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. ஷோப்பனுடைய வாழ்க்கையைப் படிக்கும்போது, நாங்கள் கதைக்காமல் விட்டது பலதும் அதற்குள் இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அவருடைய கதையை அவருடைய அப்பாவிலிருந்து தொடங்கவேண்டும். நிக்கோலா ஷோப்பன் பிரான்சின் லொறேன் பகுதியில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். 1787 இல், 16 வயதில், போலந்துக்குப் போனார். 1794 இல் வார்சோவில் எழுச்சி நடந்தபோது நகரக் காவற்படையில் சேர்ந்து நின்றார். பிறகு பிரபுக்களின் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு படிப்பித்தார். கடைசியில் வார்சோவில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியரானார். போலந்துப் பெண்ணை மணந்தார். பிள்ளைகள் போலந்துப் பிள்ளைகளாகவே வளர்ந்தார்கள். அவர் பிறந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. தன் மகனும் ஒரு நாள் இதே பாதையில் எதிர்த்திசையாக நடந்து, பிரான்சில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்வான் என்று அந்த மனிதர் நினைத்திருக்கமாட்டார்.

அந்தக் காலத்தில் போலந்து என்று ஒரு சுதந்திர நாடு வரைபடத்தில் இல்லை. 18 ஆம் நூற்றாண்டின் முடிவில் ரஷ்யா, பிரஷ்யா, ஒஸ்ரியா என்ற மூன்று பேரரசுகளும் அதைப் பங்குபோட்டு எடுத்துவிட்டன. வார்சோ ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்தது. மொழி இருந்தது, பாட்டு இருந்தது, ஆட்டம் இருந்தது, அரசு இருக்கவில்லை. அந்த நகரத்தில் ஏழு வயதிலேயே தன் இசைத் துண்டு ஒன்று அச்சாகிப் பெயர் எடுத்த பிள்ளை ஷோப்பன். 20 வயதாகும்போது, வெளிநாட்டில் கச்சேரி செய்து பெயரெடுத்து வரவேண்டும் என்று வீட்டாரும் ஆசிரியரும் தீர்மானித்தார்கள். 1830 நவம்பர் 2 அன்று வார்சோவை விட்டுப் புறப்பட்டார். நகரத்தின் எல்லையில் அவருடைய ஆசிரியர் எல்ஸ்னர் இயற்றிய பாட்டைப் பாடி நண்பர்கள் வழியனுப்பினார்கள். போய்வருவதற்கான பயணம் அது. உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைக்கும்போது யாரும் அதை நிரந்தரமான போக்கு என்று எண்ணவில்லை.

வழியில் அவருடைய நண்பர் ரிற்றஸ் சேர்ந்துகொண்டார். இருவரும் வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்த சில நாட்களில், நவம்பர் 29 அன்று, வார்சோவில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக எழுச்சி வெடித்தது. செய்தி வந்ததும் ரிற்றஸ் போரில் சேர ஊருக்குத் திரும்பினார். ஷோப்பன் திரும்பவில்லை. சிறு வயது முதலே நெஞ்சு நோஞ்சலான உடம்பு அவருக்கு. நில் என்று நண்பரே சொல்லிவிட்டுத்தான் போனார். இருந்தும், ஒரே அறையில் இருந்த இருவரில் ஒருவர் போய்விட மற்றவர் அங்கேயே நின்றார் என்பது நின்றவருடைய மனதில் என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

வியன்னாவில் எட்டு மாதம். முந்தைய வருடம் கைதட்டி வரவேற்ற அதே நகரம் இப்போது அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஒஸ்ரியாவும் போலந்தைப் பங்குபோட்ட அரசுதானே; அங்கே போலந்துக்காரர்கள் விரும்பப்படாதவர்கள் ஆகியிருந்தார்கள். வெளிக்கிடுவதற்கும் கடவுச்சீட்டுப் பிரச்சினை. பாரிஸுக்குப் போகிறேன் என்றால் ரஷ்யத் தூதரகம் விடாது. கடைசியில், பாரிஸ் வழியாக இலண்டனுக்குச் செல்பவர் என்ற குறிப்போடு ஒரு பத்திரம் கிடைத்தது. அந்தக் குறிப்பின்படி பார்த்தால் அவர் சாகும்வரை பாரிஸில் ஒரு வழிப்போக்கர்தான். இந்த நகைச்சுவையை அவரே பின்னாளில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஒரு நாட்டுக்குப் போவதாகக் காகிதத்தில் எழுதி, இன்னொரு நாட்டில் இறங்கி, அங்கேயே வேர்விட்ட எத்தனை பேரை நாங்கள் அறிவோம்!

1831 செப்டெம்பரில், ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகரத்தில் தங்கியிருந்தபோது, வார்சோ ரஷ்யப் படையிடம் விழுந்துவிட்ட செய்தி அவருக்குக் கிடைத்தது. தொலைபேசி இல்லாத காலம். அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்களா, சகோதரிகளுக்கு என்ன நடந்தது, நண்பர்களில் எவர் மிஞ்சினார், எதுவும் தெரியாது. அந்த இரவுகளில் அவர் தன் குறிப்பேட்டில் எழுதியவை இன்றும் இருக்கின்றன. கடவுளைத் திட்டுகிறார். வீட்டார் கொல்லப்பட்டிருப்பார்கள் என்று கற்பனை செய்கிறார். வெறும் கையோடு தூரத்தில் இருக்கிற தன்னையே வெறுக்கிறார். 2009 மே மாதத்தில் வெளிநாட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்தால், இது இருநூறு வருடத்துக்கு முந்தியது என்பதை மறந்துவிடுவார்கள். அவருடைய வீட்டார் உயிரோடுதான் இருந்தார்கள். அது பிறகு தெரியவந்தது. ஆனால், அந்த இரவு அவரை விட்டுப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வருட இலையுதிர் காலத்தில் பாரிஸ். புவாசொனியேர் வீதியில் ஐந்தாம் மாடியில் ஒரு சின்ன அறை. எழுச்சி தோற்றதால் பல ஆயிரம் போலந்துக்காரர்கள் அந்த நகரத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். போராளிகள், கவிஞர்கள், பிரபுக்கள், ஒன்றும் இல்லாதவர்கள். அங்கே அன்று பெரிய பியானோ வித்துவானாக இருந்த கல்க்பிரென்னர், வார்சோவிலிருந்து வந்த இந்த இளைஞனைக் கேட்டுவிட்டு, தன்னிடம் மூன்று வருடம் படிக்கச் சொன்னார். ஊரில் பட்டமும் பெயரும் எடுத்தவரை, வந்த நாடு முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கச் சொல்வது அன்றும் நடந்திருக்கிறது. ஷோப்பன் யோசித்தார். வீட்டாருடனும் பழைய ஆசிரியருடனும் கடிதத்தில் ஆலோசித்தார். பிறகு மரியாதையோடு மறுத்துவிட்டார். தன்னுடைய ஒரு பெரிய படைப்பை அதே மனிதருக்கு அர்ப்பணிக்கவும் செய்தார். பகையில்லாமல் மறுக்கத் தெரிந்திருந்தது அவருக்கு.

1832 பெப்ரவரியில் பாரிஸில் முதல் கச்சேரி. வந்தவர்களில் பெரும்பாலோர் போலந்து அகதிகள். பெயர் கிடைத்தது; பணம் அவ்வளவாகக் கிடைக்கவில்லை. அந்த வசந்தத்திலேயே நகரத்தில் கொலரா பரவியது. வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். இதற்கிடையில் அவருக்கு ஒரு விடயம் தெளிவாகிவிட்டது. தன்னுடைய வாசிப்பு மெல்லியது, பெரிய மண்டபத்துக்கு உரியதல்ல. கூட்டத்தைக் கண்டால் அவருக்கு மூச்சுமுட்டும். வாழ்நாள் முழுவதிலும் அவர் செய்த பொதுக் கச்சேரிகள் ஏறத்தாழ முப்பதுதான். ஆகவே, மேடையை நம்பாமல் வகுப்பை நம்பினார்.

ஒரு பாடத்துக்கு 20 பிராங்க். மாணவர் வீட்டுக்குப் போய்ப் படிப்பித்தால் 30. கூலித் தொழிலாளி பல நாள் உழைத்தால்தான் 20 பிராங்கைக் காணமுடிந்த காலம் அது. படித்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர் வீட்டுப் பெண்கள். ரொத்சைல்ட் குடும்பத்துப் பெண்ணும் படித்தார், போலந்து இளவரசி மார்செலினா சார்ரொரிஸ்காவும் படித்தார். ஒரு நாளைக்கு ஐந்து பாடம் அளவில். காசை அவர் கைநீட்டி வாங்குவதில்லை. பாடம் முடிந்ததும் மாணவர் அதைக் கணப்படுப்பின் மேற்தட்டில் வைப்பார். வாத்தியார் அந்நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நிற்பார். இதை ஒரு பெருமைக்காரரின் பாவனை என்று எழுதியவர்கள் உண்டு. வித்தையைக் காசுக்குக் கொடுக்கும்போது உள்ளே ஏற்படுகிற சின்னக் கூச்சம் எனக்குத் தெரியும். தட்சணையை வெற்றிலையில் வைத்து வாங்குகிற எங்கள் வழக்கமும் அந்தக் கூச்சத்துக்கு ஒரு மறைப்புத்தான்.

அவருடைய படிப்பித்தல் முறை அன்றைய பாரிஸ் அறிந்த முறை அல்ல. மற்ற ஆசிரியர்கள் வெள்ளைக் கட்டைகளில் மட்டும் அமையும் ஸ்வர வரிசையை முதலில் கொடுப்பார்கள். வாசித்து விளங்குவதற்கு அது லேசு. ஷோப்பன் அதைக் கடைசிக்கு வைத்தார். நீண்ட மூன்று விரல்களும் கறுப்புக் கட்டைகளில் இயல்பாகப் படியும் வரிசையை முதலில் கொடுத்தார். கண்ணுக்கு எது லேசு என்று பார்க்காமல், கைக்கு எது லேசு என்று பார்த்தார். எல்லா விரலையும் ஒரே பலமாக்க அடித்துப் பழக்குவதை அவர் ஏற்கவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குணம் உண்டு, அதை அப்படியே பயன்படுத்தவேண்டும் என்பது அவருடைய கொள்கை. ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பழகவேண்டாம் என்று தடுப்பார். பியானோ படிக்க வந்தவர்களைப் பாட்டுக் கேட்கவும் பாடிப் பழகவும் சொல்வார். வயலினில் வாய்ப்பாட்டு வரவேண்டும் என்று எங்கள் குருமார் சொல்வதும் அதுவேதான். தாளத்தில் அவர் வைத்த விதி இன்னும் எனக்குப் பிடித்தது. இடது கை தாளத்தை விடாமல் பிடித்திருக்கும். வலது கையின் பாட்டு கொஞ்சம் பிந்தும், கொஞ்சம் முந்தும், பிறகு வந்து சேர்ந்துகொள்ளும்.

மசூர்கா என்பது வார்சோவைச் சுற்றியுள்ள மசோவியா கிராமங்களின் ஆட்டம். மூன்று எண்ணிக்கைத் தாளம். ஷோப்பன் ஐம்பதுக்கும் மேற்பட்ட மசூர்காக்களை இயற்றினார். பெரும்பாலானவை ஊரை விட்டு வந்த பிறகு எழுதியவை. ஒரு நாள் மாணவர் ஒருவர் மசூர்கா வாசித்துக்கொண்டிருந்தபோது, பாரிஸின் பெரிய ஒபேரா இசையமைப்பாளர் மேயர்பேர் உள்ளே வந்தார். கேட்டுவிட்டு, இது இரண்டு எண்ணிக்கை என்றார். ஷோப்பன் இல்லை, மூன்று என்றார். மற்றவர் விடவில்லை. எப்போதும் மென்மையாகப் பேசும் ஷோப்பனுக்கு அன்று கோபம் வந்து குரல் உயர்ந்துவிட்டது. தானே வாசித்து, காலால் தட்டி, உரக்க எண்ணிக் காட்டினார். அப்போதும் மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் மனத்தாங்கலோடு பிரிந்தார்கள். இரண்டாவது அடியில் ஒரு சாய்வும் இழுப்பும் அந்தக் கிராமத்து ஆட்டத்தில் உண்டு. அதைக் காலில் அறிந்தவருக்கு மூன்று கேட்கும்; அறியாதவருக்கு வேறு ஏதோ கேட்கும். எண்ணிக்கையைக் கடதாசியில் எழுதலாம், சாய்வை எழுதமுடியாது. ஆள் பக்கத்தில் இருந்துதான் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு எங்கள் நடை ஒன்றைச் சொல்லிக்கொடுக்கப் பாடுபடுகிற எந்த ஆசிரியருக்கும் இந்தச் சண்டையின் சூடு விளங்கும்.

ரஷ்யத் தூதரகத்துக்குப் போய்த் தன்னைப் பதிந்துகொண்டிருந்தால் ஒருவேளை ஊருக்குப் போய்வர வழி பிறந்திருக்கும். அவர் பதியவில்லை. அகதிகளாக வந்தவர்களோடு நின்றார். 1835 இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். அதே வருடம் ஏப்ரலில் போலந்து அகதிகளுக்குப் பணம் சேர்க்கும் கச்சேரியில் வாசித்தார். ஓகஸ்ட் மாதம், அப்பாவும் அம்மாவும் கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்கு வருவதாக அறிந்து அங்கே ஓடிப்போனார். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. ஐந்து வருடத்தின் பின் சந்திப்பு. சில கிழமைகள் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவர்களை அவர் காணவே இல்லை. 1844 இல் அப்பா இறந்தபோது செத்தவீட்டுக்குப் போகமுடியவில்லை. மூன்றாவது நாடொன்றில் பெற்றோரைச் சந்தித்துவிட்டு, பிறகு தொலைபேசியில் ஈமச்சடங்கு பார்த்தவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

சொகுசாக வாழ்ந்தார் என்பதும் உண்மை. வெள்ளைக் கையுறை, நல்ல உடுப்பு, வேலையாள், சொந்தக் குதிரை வண்டி. அகதி ஒருவருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர் படிப்பித்த வீடுகளுக்குள் கால்வைக்க அந்தக் கையுறை தேவைப்பட்டது. அந்த வண்டியை ஓடவைத்ததும் பாடங்கள்தான். இலையுதிர் காலம் முதல் வசந்தம் வரை படிப்பித்தல். கோடையில், எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் அம்மையாரின் நொஆன் கிராமத்து வீட்டில் இசை இயற்றல். அந்த வீட்டில் ஏழு கோடைகள் அவருக்குக் கிடைத்தன. பெரிய படைப்புகள் பல அந்தக் கோடைகளில் பிறந்தவை. வருடத்தில் மற்ற மாதங்களை மாணவர்கள் தின்றார்கள் என்று சொல்லலாம். அவர்கள்தான் அவருக்குச் சோறு போட்டார்கள் என்றும் சொல்லலாம்.

1847 இல் ஜோர்ஜ் சாண்டுடனான உறவு முறிந்தது. 1848 பெப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்தது. பிரபுக்கள் ஓடினார்கள், அவர்களோடு மாணவர்களும் போனார்கள். 38 வயதில், காசநோய் என்று நம்பப்பட்ட இருமலோடு, வாத்தியார் மறுபடியும் வேறு நாட்டுக்குப் பெட்டி கட்டினார். கடவுச்சீட்டில் முன்பு எழுதியிருந்த அதே இலண்டனுக்குத்தான் போனார். ஒரு பாடத்துக்கு ஒரு கினி. காசு கொடுக்காமலே போய்விட்ட மாணவர்களும் அங்கே இருந்தார்கள். ஜேன் ஸ்ரேர்லிங் என்ற ஸ்கொட்லாந்து மாணவி முடிந்தவரை தாங்கினார். 1848 நவம்பர் 16 அன்று இலண்டன் கில்ட் மண்டபத்தில் போலந்து அகதிகளுக்கு உதவும் நிகழ்ச்சியில் வாசித்தார். ஆடிக் களைத்து வந்த கூட்டம். வாசிப்பைக் கவனித்தவர்கள் குறைவு. அதுதான் அவருடைய கடைசி மேடை.

பாரிஸுக்குத் திரும்பினார். 1849 ஓகஸ்டில் அக்கா லுட்விகா வார்சோவிலிருந்து வந்து சேர்ந்தார். ஒக்டோபர் 17 அன்று ஷோப்பன் இறந்தார். வயது 39. முடிக்காத படைப்புகளை எரித்துவிடச் சொன்னார். ஆனால், எழுதத் தொடங்கி முடிக்காமல் இருந்த பியானோப் படிப்பித்தல் குறிப்புகளை எரிக்கச் சொல்லவில்லை. அவற்றை அல்கான், ரேபேர் என்ற இரண்டு இசையாளர்களிடம் விட்டுச்சென்றார்.

உடலை பாரிஸின் பேர் லஷேஸ் மயானத்தில் அடக்கினார்கள். எங்கள் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து மெத்ரோவில் ஏறினால் ஏழாவது தரிப்பு. தம்பியிடம் போயிருந்தபோது இருவரும் அங்கே போனோம். உடைந்த யாழோடு குனிந்திருக்கும் பெண்ணின் வெள்ளைச் சிலை. அதன் கீழே புதுப் பூக்கள். தம்பி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்னேர வகுப்புக்கு நேரமாகிறது என்றார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் செம்மணிப் பாதை வழியே நான் தலையில் வயலின் பெட்டியோடு நடந்ததை அவர் காணவில்லை. அவர் எல்லை கடந்த இரவுகளை நான் காணவில்லை. திரும்பி வரும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு மிஸ்ர நடை பிடிபடவில்லை என்று கதைத்துக்கொண்டு வந்தோம்.

ஷோப்பனுடைய இதயம் அந்த மயானத்தில் இல்லை. அவருடைய விருப்பப்படி அதை எடுத்து, மதுசாரம் நிரப்பிய கண்ணாடிச் சாடியில் வைத்து, லுட்விகா ஊருக்குக் கொண்டுபோனார். எல்லையில் காவலர் காணாதபடி உடுப்புக்குள் மறைத்து வைத்திருந்தார் என்று சொல்வார்கள். பின்னாளில் அது வார்சோவின் திருச்சிலுவைத் தேவாலயத்தில் ஒரு தூணுக்குள் வைக்கப்பட்டது. 1863 இல் இன்னோர் எழுச்சி. அப்போது ரஷ்யப் படையினர் அவருடைய தங்கை இஸபெலாவின் வீட்டில் இருந்த அவருடைய பியானோவை மாடி யன்னலால் வீதியில் வீசி உடைத்தார்கள். நாஜிகள் வந்தபோது போலந்தில் அவருடைய இசையைப் பொதுவில் வாசிக்கத் தடை போட்டார்கள்; 1940 இல் அவருடைய சிலையைத் தகர்த்தார்கள். 1944 எழுச்சியின்போது இதயத்தைத் தூணிலிருந்து எடுத்துச் சென்றார்கள். போர் முடிந்து, 1945 ஒக்டோபர் 17, அவருடைய நினைவு நாளில், அது தூணுக்குத் திரும்பியது.

இதயம் திரும்பிய கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். திரும்பியது இன்னொன்றும் இருக்கிறது. அவரிடம் படித்த கரோல் மிக்குலி பின்னாளில் லிவோவ் நகரத்தில் இருந்து பல பத்து வருடம் படிப்பித்தார். வகுப்பில் குறித்துவைத்த திருத்தங்களைக் கொண்டு குருவின் படைப்புகளைப் பதிப்பித்தார். மிக்குலியிடம் படித்த ரொசென்தாலும் கொச்சால்ஸ்கியும் வாசித்த இசைத்தட்டுகளை நாங்கள் இன்றும் கேட்கலாம். மார்செலினா இளவரசி கிராக்கோவில் குடியேறி, அங்கே இசைக் கல்லூரி உருவாக உழைத்தார். லிவோவும் கிராக்கோவும் பங்குபோடப்பட்ட போலந்தின் நகரங்கள். பாரிஸில் ஒரு வாடகை வீட்டில், 20 பிராங்குக்குச் சொல்லிக்கொடுத்த பாடம், வாத்தியாருக்குப் போகமுடியாமற்போன மண்ணுக்கு மாணவர்களின் கையோடு போய்ச் சேர்ந்தது.

எழுச்சிக்குப் போயிருக்கவேண்டுமா, நின்றது சரியா என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை பதில் சொல்லவில்லை. அவர் அதைத் தீர்த்துவைக்கவும் இல்லை. அடுத்த நாள் காலையில் மாணவர் வந்தார், கதவைத் திறந்தார், பியானோவுக்கு முன்னால் இருத்தினார், விரல்களைக் கறுப்புக் கட்டைகளில் வைக்கச் சொன்னார்.